மீனுவின் புத்தகம் பற்றி

அன்புள்ள கோமதிக்கு,

போனில் பேச ஆரம்பித்தாலே "சிக்னல் சரியில்லம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். நீ கேட்ட புத்தகத்தைச் சேகர் ஆன்லைனில் வரவழைத்துக் கொடுத்தான். படித்து முடித்துவிட்டேன்.

'எ மான்ஸ்டர் கால்ஸ்' என்கிற இந்த இங்கிலீஷ் கதையைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை படிக்கலாமா என்றுதானே கேட்டாய்? தாராளமாகப் படிக்கலாம். மீனுவுக்கு மட்டும் வேறு புத்தகம் கொடுங்கள் என்று ஸ்கூலுக்கு எழுதினாயாமே, முதலில் அதை வாபஸ் வாங்கு.

ரொம்பப் பயங்கரம் என்கிறாய். ராத்திரி 12:07க்கு சர்ச் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிற யூ என்கிற ஊசியிலை மரம் பூதமாக எழுந்து நடந்து வந்து பையனுடைய ஜன்னலில் நிற்கிறது. ஜிம் கே வரைந்திருக்கிற கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்து நானே எழுந்துபோய்ப் பின்வாசல் கொண்டியைச் சரிபார்த்தேன், போதுமா? ஆனால் அந்தப் பையன் கானர் பூதத்துக்குப் பயப்படவே இல்லையே. இதைவிட மோசமான ஒன்று தினமும் அவன் கனவில் வருகிறது. ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளிய நல்லதங்காள் கதையை ஆச்சி மடியில் படுத்துக் கேட்டுவிட்டு, "அப்புறம்?" என்று கேட்ட பிள்ளை நீ. உனக்கு என்ன ஆகிவிட்டது? வெளிநாட்டில் போய் ஒரு டீமையே வைத்து நடத்துகிறாய்.

2012இல் பிரிட்டனில் எழுத்துக்காகக் கார்னகி பதக்கம், படங்களுக்காகக் கேட் கிரீனவே பதக்கம், இரண்டும் இந்த ஒரே புத்தகத்துக்குக் கிடைத்தன. அதற்கு முன் எந்தப் புத்தகத்துக்கும் அப்படிச் சேர்ந்து வந்ததில்லை. பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுக்கிற நூலகர்கள் பார்த்துத் தருகிற பதக்கம் அது. அவர்களுக்குத் தெரியாதா? கதையை முதலில் யோசித்து வைத்தவள் ஷிவான் டவுட். 2007இல், 47 வயதில், மார்பகப் புற்றுநோயில் போய்விட்டாள். பேட்ரிக் நெஸ் அதை எடுத்து எழுதி 2011இல் கொண்டுவந்தார்.

நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

எனக்கு அந்தக் கதையில் வருகிற ஆச்சியைத்தான் பிடித்தது. மடிப்புக் கலையாத உடுப்பு, வீடு விற்கிற வேலை, யாரையும் கொஞ்சத் தெரியாத பெண். பையன் ஒரு ராத்திரி அவளுடைய முன்னறையை அடித்து நொறுக்கிவிடுகிறான். அவள் வந்து பார்க்கிறாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. உடையாமல் மிச்சமிருந்த ஒரே அலமாரியைத் தன் கையாலேயே இழுத்துக் கீழே தள்ளுகிறாள், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அந்தப் பக்கத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். சாகக் கிடக்கிற கானரின் அம்மா அவள் பெற்ற மகள் அல்லவா?

கடைசி மருந்து யூ மரத்திலிருந்து செய்தது என்று எழுதியிருக்கிறார். அது கற்பனை இல்லை. டோசிடாக்செல் என்று ஒரு புற்றுநோய் மருந்து, அந்த மரத்து இலையில் இருக்கிற பொருளை வைத்துச் செய்வது. கதையில் அது கேட்கவில்லை. கதையில்தான். வெளியே எத்தனையோ பேருக்குக் கேட்கிறது, நான் விசாரித்துவிட்டேன்.

பையனைக் கொல்வது பூதம் இல்லை கோமதி. "சரியாயிடும், சரியாயிடும்" என்று எல்லாரும் அவனிடம் சொல்கிறதுதான். அவனுக்கு எல்லாம் தெரியும். எப்படியாவது முடிந்தால் போதும் என்று ஒரு நேரம் மனசு நினைத்துவிட்டது, அதை யாரிடமும் சொல்ல முடியாமல் ஸ்கூலில் அடி வாங்கிக்கொண்டு அலைகிறான். அதைச் சொல்ல வைக்கத்தான் மரம் வருகிறது.

அன்றைக்கு மீனு, "அம்மா இன்னும் ஆஸ்பத்திரியிலேருந்து வரல ஆச்சி" என்றாள். ராத்திரி நீ கூப்பிட்டுப் பல்வலி என்றாய். பல்லுக்கு ஆஸ்பத்திரியா என்று நான் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

தூத்துக்குடி அத்தை வீட்டு விஷயத்தை நீ இதுவரை வாய் திறந்து பேசினதில்லை. அப்பாவுக்கு அல்சர் என்று சொல்லித்தான் உன்னை அங்கே விட்டேன். பத்தாங்கிளாஸ் பரீட்சை. 471 வாங்கினாய், அந்த மார்க் ஷீட் இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறது. விட்டது தப்பு என்று நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். மதுரைக்கும் வீட்டுக்கும் அலைந்தவள் நான், எனக்கு வேறு வழி இல்லை. ஆனால் திரும்பி வந்த அன்று வாசலில் பந்தலைப் பார்த்தும் நீ ஒன்றுமே கேட்காமல் நேரே உள்ளே போய்ப் பையை வைத்தாய். உனக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. எத்தனை நாளாக என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மீனு உன் பிள்ளை. புத்தகத்தைப் பிடுங்காதே. தனியாகப் படிக்கவும் விடாதே, கடைசிப் பக்கங்களுக்கு நீ பக்கத்தில் உட்கார். அவள் ஏதாவது கேட்டால் பல்வலி என்று சொல்லாதே. நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி கண் விழிக்காதே. புத்தகத்தைப் பிடுங்காதே.

பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டேன். விசிட்டர் விசா ஆறு மாசத்துக்குத் தருவார்களாம், சேகர் ஃபாரம் எடுத்து வைத்திருக்கிறான். உங்கள் ஊர்க் குளிர் எனக்குப் பழகிவிடும், அதை ஒரு சாக்காகச் சொல்லாதே. எந்தத் தேதிக்கு டிக்கெட் போடட்டும் என்று மட்டும் சொல். மாப்பிள்ளையிடம் சொல்லி அனுப்பாதே, நீயே கூப்பிடு.

அம்மா