ஸ்பிரிங்ஃபீல்டில் இருக்கும் மகனுக்கு

அன்பு மகனுக்கு, அப்பா எழுதுவது.

நீயும் மருமகளும் பாப்பாவும் சுகம்தானே? அமெரிக்காவில், இல்லினாய்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் வேலை என்று நீ சொன்னதிலிருந்து அந்தப் பக்கத்துக் கதைகளைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஊருக்குப் பக்கத்தில், பிளசன்ட் பிளெயின்ஸில், பீட்டர் கார்ட்ரைட் என்ற மெதடிஸ்ட் போதகரின் கல்லறை இருக்கிறது.

1785-இல் வர்ஜீனியாவில் பிறந்து கென்டக்கியில் வளர்ந்தவர். சீட்டாட்டம், குதிரைப் பந்தயம் என்று திரிந்த பையன் 1801-இல் ஒரு ஜெபக்கூட்டத்தில் மனம் திரும்பினான். அப்புறம் குதிரையேறி ஊர் ஊராகப் பிரசங்கம். சம்பளம் ஆண்டுக்கு 80 டாலர், அதுவும் முழுசாகக் கைக்கு வராது. விவசாயம் பார்த்துத்தான் பிள்ளைகளை வளர்த்தார்.

கென்டக்கியில் அடிமை முறை இருந்தது. பிள்ளைகள் அதைப் பார்த்துப் பழகிவிடக் கூடாது, தன் மகள்கள், அடிமை வைத்திருக்கும் வீட்டில் வாழ்க்கைப்படக் கூடாது என்று 1824-இல் இல்லினாய்ஸுக்குக் கிளம்பினார். வழியில் ஓர் இரவு, கூடாரம்கூட அடிக்காமல், ஒரு மரத்தடியில் தீ மூட்டிப் படுத்தார்கள். வெளியே நல்ல மரம், உள்ளே உளுத்துப்போயிருந்தது. கிழக்கு வெளுக்கும் நேரத்தில் அது சாய்ந்து மூன்றாவது மகள் மேல் விழுந்தது. தெரிந்தவர் ஒருவர் வீடு வரைக்கும் அவளைச் சுமந்துபோய் அடக்கம் பண்ணிவிட்டு, மற்றப் பிள்ளைகளோடு பயணத்தைத் தொடர்ந்தார். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். பாப்பா போட்டோவைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

1832-இல் மாநிலச் சட்டசபைத் தேர்தலில் அவர் ஜெயித்தார், ஆபிரகாம் லிங்கன் தோற்றார். 1846-இல் காங்கிரஸ் தேர்தலில் லிங்கனிடம் இவர் தோற்றார். 1859-இல் பேரன் மேல் கொலை வழக்கு வந்தபோது அவனுக்காக வாதாடியவர் அதே லிங்கன்தான். நடந்தது உங்கள் ஸ்பிரிங்ஃபீல்டு கோர்ட்டில். கத்திக்குத்துப் பட்டவனை மரணப் படுக்கையில் பார்த்தவர் இந்தத் தாத்தா. குத்துப்பட்டவன் பேரனை மன்னித்துவிட்டதாகக் கூண்டிலேறிச் சாட்சி சொன்னார். பேரன் விடுதலையானான்.

நீ கிளம்பிய அன்று, "அங்கே போய்த்தான் பிள்ளையை வளர்க்கணுமா?" என்று கேட்டுவிட்டேன். நீ பதில் சொல்லாமல் பெட்டியைத் தூக்கினாய். நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது, ஐயா. மனசில் வைத்துக்கொள்ளாதே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு அந்தக் கல்லறைக்குப் போய்வா. அவர் மனைவி பிரான்ஸிஸும் அங்கேதான் இருக்கிறார். இரண்டு பேருக்கும் பூ வையுங்கள். போட்டோ எடுத்து அனுப்பு, பாப்பா முகம் நன்றாகத் தெரியட்டும். அம்மாவும் கேட்கிறாள்.

அன்புடன்,
அப்பா