'க்யூனஸ்' வேறு, சமாதானம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமைதியைக் குறிக்கும் பிறமொழிச் சொற்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த துணுக்கில், ஐரிஷ் சொல் 'சியுனாஸ்' என்று அச்சாகியிருந்தது. பொருள் 'சமாதானம்' என்றிருந்தது. இரண்டுமே பிழை.

ஐரிஷில் 'சி' என்ற எழுத்து 'ஸ்' என ஒலிப்பதில்லை. ciúnas என்று எழுதப்படும் இச்சொல்லில் அது 'க்'. அடுத்துள்ள 'ஐ' தனி உயிராக ஒலிக்காது. முன்னுள்ள மெய்யை 'க்ய்' என இளக்குவதே அதன் வேலை. 'யூ' எழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு உண்டு. 'ஃபாதா' என்பார்கள், நம் நெடில் குறி போன்றது. கடைசி உயிர் மங்கலான குறில். ஆக, 'க்யூனஸ்'. அந்தக் கோட்டை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். ஆனால் அது இல்லாவிட்டால் சொல்லே மாறிவிடும். 'ஷான்' ஆள் பெயர். கோட்டை எடுத்தால் 'ஷன்', அதாவது 'பழைய'.

பொருளுக்கு வருவோம். 'க்யூன்' என்றால் சத்தமில்லாத, அலையடங்கிய. அதிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் க்யூனஸ். வகுப்பில் இரைச்சல் கூடினால் ஆசிரியர் சொல்லும் ஒற்றைச் சொல்லும் இதுவே. ஆங்கிலவழிப் பள்ளிகளிலும் கேட்கலாம். பசிபிக் பெருங்கடலின் ஐரிஷ் பெயர் 'அன் தகேன் க்யூன்', அமைதியான பெருங்கடல். வேற்றுமை ஏற்கும்போது ஈற்று 'ஸ்' மாறும்: ஒரு நிமிட மௌனம் 'நோமேத் க்யூனிஷ்'.

ஆனால் வாய்மூடி இருப்பதற்குச் சொல் வேறு: 'தொஸ்த்'. "அவன் பேசாமல் இருக்கிறான்" என்பதை ஐரிஷில் "அவன் தன் மௌனத்தில் இருக்கிறான்" என்ற அமைப்பில்தான் சொல்வார்கள். அப்போது முதலெழுத்து திரிந்து 'ஹொஸ்த்' ஆகும். 'பேசாத வாய் இனிது' என்ற பழமொழியில் வருவதும் இந்தத் திரிந்த வடிவமே. அகராதியில் 'ஹ' வரிசையில் தேடினால் கிடைக்காது. கற்பவர்கள் முதலில் தடுமாறும் இடம் இது.

கவலை நீங்கிய மன நிம்மதிக்கு 'சூவ்ன்யஸ்'. இரங்கல் அறிவிப்புகளில் 'நித்திய இளைப்பாறுதல்' என்று வேண்டுவது இச்சொல்லைக் கொண்டுதான்.

நீங்கள் தந்த 'சமாதானம்' நான்காவது சொல்லுக்கு உரியது: 'ஷீஹான்'. போரும் கலகமும் இல்லாத நிலை. அயர்லாந்து காவல்துறையின் பெயரான 'கார்டா ஷீஹானா'வில் இருப்பது அதுதான். அமைதிக் காவலர் என்று பொருள்.

அடுத்த இதழில் ஒலிப்பையும் பொருளையும் சேர்த்தே திருத்தி வெளியிடுங்கள். ஐரிஷ் எழுத்திலும் அச்சிடுவதானால் 'யூ'வின் மேல் அந்தக் கோடு விழுந்திருக்கிறதா என்று அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், டப்ளின்