பெட்டியில் குறைத்த எடை தண்ணீரில் திரும்பி வரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில், ஸ்கூபா டைவிங் பயணத்துக்கு எடை குறைந்த சாதனங்களைத் தேர்ந்தெடுப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 47 வயதில் டைவிங் கற்றுக்கொண்டு, கடந்த 11 ஆண்டுகளாக வருடத்துக்கு ஒரு முறையாவது அந்தப் பெட்டியோடு விமானம் ஏறுகிறவள் நான். கட்டுரையில் பெரும்பகுதி சரிதான். ஆனால் எல்லாவற்றையும் விற்பனைச் சீட்டில் அச்சிட்டிருக்கும் கிலோவை வைத்தே சீர்தூக்கியிருக்கிறார்கள். அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

என் கதையையே சொல்கிறேன். முதுகில் சிலிண்டரைத் தாங்கிக்கொண்டு, காற்றை ஏற்றியும் இறக்கியும் மிதப்பைச் சரிசெய்ய உதவும் அங்கிக்கு பி.சி.டி. என்று பெயர். நான் முதலில் வைத்திருந்ததில் முதுகுப்புறம் ஓர் எவர்சில்வர் தகடு இருந்தது. தகடு மட்டுமே 2.7 கிலோ. தோள்வலி வந்த பிறகு அதை வீட்டில் வைத்துவிட்டு, துணி முதுகு கொண்ட பயண பி.சி.டி. ஒன்றை வாங்கினேன். மொத்தமே 2.3 கிலோ. விமான நிலையத் தராசில் பெட்டி 20 கிலோவுக்குக் கீழே வந்ததைப் பார்த்து எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் டைவில், தண்ணீரில் மிதக்காமல் இறங்குவதற்காக, வழக்கம்போல 4 கிலோ ஈயம் கட்டிக்கொண்டேன். இறங்கும்போதே கொஞ்சம் முரண்டு பிடித்தது. காலை உதைத்து இறங்கிவிட்டேன். ஆழத்தில் பிரச்சினை இல்லை. திரும்பி வந்து, மேலே ஏறுமுன் பாதுகாப்புக்காக 5 மீட்டரில் வழக்கமாக நிற்கும் 3 நிமிடத்துக்குத்தான் நிற்க முடியவில்லை. படகிலிருந்து தொங்கிய கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கால் மேலே தலை கீழே, காற்றில் பறக்கும் கொடித்துணி மாதிரி ஆடிக்கொண்டிருந்தேன். வழிகாட்டி வந்து பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. தன் பையில் உதிரியாக வைத்திருந்த ஒரு கிலோ ஈயக்கட்டிகள் இரண்டை எடுத்து, என் பைக்கு ஒன்றாகத் திணித்துவிட்டுப் போனார்.

முப்பது வருடம் ஆர்க்கிமிடீஸ் பாடம் நடத்தியவளுக்கு இப்படி. எவர்சில்வர் தகடு வெறும் சுமை அல்ல. தண்ணீருக்குள் அது ஏறக்குறைய 2.5 கிலோ ஈயத்தின் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றியவள் ஈயத்தைக் கூட்டியிருக்க வேண்டும். இதற்கு மேல் சிலிண்டர் கணக்கு வேறு இருக்கிறது. பல இடங்களில் தருவது 11 லிட்டர் அலுமினிய சிலிண்டர். 200 பார் அழுத்தத்தில் அதற்குள் அடைத்திருக்கும் காற்றே இரண்டரை கிலோவுக்கு மேல் வரும். 50 பாரோடு மேலே வரும்போது அதில் சுமார் 2 கிலோ மூச்சாகப் போயிருக்கும். இறங்கும்போது முழுகிய அதே சிலிண்டர் கடைசியில் மிதக்கப் பார்க்கும்.

எனவே லேசான பி.சி.டி. வேண்டாம் என்கிறேனா? இல்லை. இன்றும் அதைத்தான் எடுத்துப் போகிறேன். ஈயம் போகிற இடத்தில் கிடைக்கும், அதை விமானத்தில் சுமப்பது வீண். ஆனால் “இவ்வளவு லேசு” என்று எழுதும்போது, “அங்கே ஈயம் எவ்வளவு மாறும் என்று முதல் டைவிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்” என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். இன்னொன்றையும் சேர்த்திருக்கலாம். லேசான மாதிரிகள் சிலவற்றில் ஈயம் வைக்கப் பையே இருக்காது, இடுப்புப் பட்டை கேட்டு வாங்க வேண்டும். காற்றுப் பையும் சிறியதாக இருக்கலாம். வெதுவெதுப்பான கடலில் 3 மில்லிமீட்டர் வெட்சூட்டுக்கு, அதாவது உடம்புச் சூட்டைக் காக்கும் ரப்பர் உடைக்கு, அது போதும். குளிர்ந்த நீரில் தடித்த வெட்சூட்டும் அதற்கேற்ற ஈயமும் போடுகிறவர்கள், எத்தனை கிலோவைத் தூக்கும் என்று பார்த்து வாங்க வேண்டும்.

அடுத்தது ஈரம். கட்டுரையில் இதைப் பற்றி மூச்சே இல்லை! பள்ளிக்கூட ஆய்வகத்திலிருந்து பழகிய பழக்கம், என்னிடம் எப்போதும் ஒரு சுருள்வில் தராசு இருக்கும். போகும்போது 700 கிராம் இருந்த என் நியோபிரீன் (ஒருவகை ரப்பர்) காலணி ஜோடி, ஒரு ராத்திரி காயப்போட்ட பிறகும் 1.1 கிலோ காட்டியது. பழைய பி.சி.டி.யில் முதுகுக்கும் தோளுக்கும் வைத்திருந்த பஞ்சு மெத்தை இரண்டு நாள் ஆனாலும் காயாது. உள்ளே இருக்கும் காற்றுப் பையைத் தலைகீழாகப் பிடித்து, குழாய் வழியாக வடித்துப் பாருங்கள். அரை டம்ளர் உப்புத் தண்ணீர் ஒழுகும். பயண பி.சி.டி.யின் உண்மையான லாபம் எனக்குப் போகும்போது தெரியவில்லை, திரும்பும்போதுதான் தெரிந்தது. மெத்தை இல்லாததால் சீக்கிரம் காய்கிறது. பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர்கள் விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்கிறார்களே, டைவின்போது உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேறுவதற்காக, அந்த நேரத்துக்குள் துணியும் காய்ந்துவிடும். நிழலில்தான் போட வேண்டும், வெயில் ரப்பரைக் கெடுக்கும்.

காலில் மாட்டும் துடுப்பில் எனக்குக் கட்டுரையாளரோடு சண்டை இல்லை. படகிலிருந்து மட்டுமே குதிக்கிறவர்களுக்குப் பாதம் முழுக்க மூடும் வகை போதும், காலணி மிச்சம். பாறையில் நடந்து கடலில் இறங்குகிறவர்கள் மட்டும் காலணியை விட முடியாது.

ஆனால் ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டரையும் அடையாள மிதவையையும் “அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்” என்று எழுதியதை ஏற்க முடியாது. மணிக்கட்டில் கட்டும் கம்ப்யூட்டர் ஒரு கைக்கடிகார எடை. முந்தைய டைவ்களின் கணக்கு அதற்குள் இருக்கிறது. நேற்று வேறொருவர் கட்டியிருந்த கம்ப்யூட்டருக்கு என் உடம்பில் மிச்சமிருக்கும் நைட்ரஜனைப் பற்றி என்ன தெரியும்? அடியிலிருந்தே காற்றடைத்து மேலே அனுப்பும் ஆரஞ்சு மிதவையும் அதன் நூல்சுருளும் சேர்ந்து என்னிடம் அரை கிலோகூட இல்லை. நீரோட்டம் இழுத்துப்போனால் படகுக்காரர் கண்ணில் படுவது அது ஒன்றுதான். மாஸ்க்கும் அப்படியே, நம் முகத்துக்குப் பொருந்தியது நம்மிடம்தான் இருக்கும். ஃபிரேம் இல்லாத வகை தட்டையாக மடங்கும்.

சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்தில் தரும் ரெகுலேட்டரை நான் கைப்பையில்தான் வைப்பேன், பெட்டியில் போட மாட்டேன். சிலிண்டரில் திருகி மாட்டும் டின் (DIN) வகை, கவ்வி மாட்டும் யோக் வகையைவிட லேசானது. ஆனால் சிலிண்டர் வால்வு எது என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, தேவையானால் இணைப்பானையும் எடுத்துப் போக வேண்டும். அந்த இணைப்பானையும் எடையில் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம். அப்புறம், சாதனத்தில் 200 கிராம் 300 கிராம் என்று தேடித் தேடிக் குறைத்துவிட்டு, சக்கரம் வைத்த 5 கிலோ பெட்டியில் அதை அடுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நானே அப்படி இரண்டு வருடம் அடுக்கியவள்.

கடைசியாக ஒரு திருத்தம், இதற்காகத்தான் இந்தக் கடிதத்தையே எழுத உட்கார்ந்தேன். டைவ் டார்ச்சையும் உதிரி பேட்டரிகளையும் சரக்குப் பெட்டிக்குள் போட்டுவிடச் சொல்லியிருக்கிறீர்கள். உதிரி லித்தியம் பேட்டரிகளைச் சரக்குப் பெட்டியில் வைக்க விமானங்களில் அனுமதி இல்லை. கைப்பையில்தான் வைக்க வேண்டும், முனைகள் ஒன்றோடொன்று உரசாதபடி தனித்தனியாக. 100 வாட்மணிக்கு மேற்பட்டவற்றுக்கு விமான நிறுவனத்தின் ஒப்புதலும் வேண்டும். டார்ச்சுக்குள் இருப்பதையும் கழற்றிவிடுவது நல்லது. பெட்டிக்குள் தானாக எரியத் தொடங்கினால், குளிர்விக்கத் தண்ணீர் இல்லாமல் பயங்கரமாகச் சூடேறும். கத்தி மட்டும் பெட்டியிலேயே இருக்கட்டும். விடுமுறைக்குப் பலர் பெட்டி கட்டும் நேரம் இது, பேட்டரி பற்றிய அந்த வரியை அடுத்த வாரமே திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை ஒருவர்