நம் பட்டாபிஷேகப் படத்தைக் காப்பாற்ற உங்கள் உதவி வேண்டும்

அல்சூர், காக்ஸ் டவுன், பிரேசர் டவுன், இப்போது ஒயிட்ஃபீல்டு வரை பரவியிருக்கும் நம் பஜனைக் கூடத்து அன்பர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

கூடத்தின் நடுச்சுவரில் இருக்கும் தஞ்சாவூர் ராமர் பட்டாபிஷேகப் படத்தைப் போன மழைக்காலத்துக்குப் பிறகு கிட்டத்தில் போய்ப் பார்த்தவர்களுக்கு, நாங்கள் எதற்கு எழுதுகிறோம் என்று புரிந்திருக்கும். பின்சுவரில் ஓதம் ஏறிப் பலகை வளைந்துவிட்டது. சீதையின் தோளருகே மக்கு வேலை (சுண்ணாம்புப் பொடியும் பசையும் குழைத்து மேடாக எழுப்பியது) தூக்கிக்கொண்டு நிற்கிறது, விரல் பட்டாலே உதிர்ந்துவிடும். படத்தில் அனுமன் பக்கத்துத் தூணில் பதித்திருந்த இரண்டு கல் விழுந்துவிட்டன, எடுத்து டப்பியில் பத்திரமாக வைத்திருக்கிறோம். ராமர் மார்புப் பதக்கத்தில் தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு) இன்றைக்கும் அப்படியே மின்னுகிறது, ஆனால் கிரீடத்தின் இடது ஓரம் மட்டும் கறுத்துக் கிடக்கிறது. எப்போதோ யாரோ நல்ல எண்ணத்தில் கடைத் தங்கப் பெயின்டைத் தடவியிருக்கிறார்கள். அசல் தங்கம் கறுக்காது, பித்தளைப் பொடி கலந்த பெயின்ட் நாளாக ஆகக் கறுத்துவிடும்.

‘இத்தனை செலவுக்குப் புதுசே வாங்கிவிடலாமே’ என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நம்மிடம் இருப்பது பலாப்பலகையில் துணியை ஒட்டி, சுண்ணாம்புப் பொடியும் பசையும் பூசித் தேய்த்து, கல் பதித்து, மக்கால் நகையையும் தூணையும் மேடாக எழுப்பி, அதன்மேல் ரேக்கு ஒட்டி, அப்புறம்தான் நிறமும் முகக் கோடும் தீட்டிய பழைய பலகைப் படம். இரண்டாம் சரபோஜி காலத்தில் (1798-1832) தஞ்சையில் தழைத்த அந்த முறையிலேயே செய்தது. தங்கத்தைப் பணக்காரத்தனம் என்று நினைக்கக் கூடாது. கரண்ட் இல்லாத காலத்துப் பூஜை அறையில் ஒரே வெளிச்சம் விளக்குதான், அந்தச் சுடர் அசையும்போது மேடான ரேக்கில் பட்டுச் சாமி முகம் துலங்கவேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் டியூப்லைட்டை அணைத்துவிட்டுக் குத்துவிளக்கை மட்டும் ஏற்றிப் பாருங்கள், நாங்கள் சொல்வது தெரியும்.

அதிலும் இது பட்டாபிஷேகம். ராமாயணப் பாராயணம் முடிகிற அன்று பூஜை இந்தக் கோலத்துக்குத்தான். வனவாசம், பிரிவு, யுத்தம் எல்லாம் கடந்து குடும்பம் ஒன்றாகச் சேர்ந்து நிற்கிற காட்சி. நடுவில் ராமரும் சீதையும் பெரிதாக, சுற்றி நிற்கிற தம்பிமார் சிறிதாக, காலடியில் அனுமன். யார் முக்கியம் என்பதை உருவத்தின் அளவிலேயே சொல்லிவிடுகிற மரபு இது. ஊரைவிட்டு வந்து கண்டோன்மென்ட் பக்கம் குடியேறிய நம் பெரியவர்கள் எத்தனையோ படங்கள் இருக்க இதைத் தேர்ந்தெடுத்ததில் அர்த்தம் இருக்கிறது என்றே நாங்கள் நினைக்கிறோம்.

பழைய படங்களைச் சீர்செய்யப் பயிற்சி பெற்ற ஒருவர் வந்து பார்த்தார். புதிதாகப் பூச்சு எதுவும் அடிக்க மாட்டார், அதை நாங்களும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டோம். தூக்கி நிற்கும் மக்கை மெல்லிய பசை செலுத்தி உட்காரவைப்பது, கறுத்த பெயின்டைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது, பலகையை அவசரப்படாமல் காயவிடுவது, ரேக்கு போன இடத்தில் மட்டும் புது ரேக்கு. இதற்கு 1,40,000 ரூபாய். சுவரின் ஓதத்தை நிறுத்த 60,000. இதைச் செய்யாமல் படத்தைத் திரும்ப மாட்டினால் அடுத்த மழைக்கே பழைய கதைதான்.

மீதி 45,000 பிள்ளைகளுக்கு. ஞாயிற்றுக்கிழமை பாலவகுப்பு முடிந்ததும் தஞ்சாவூர், மைசூர் இரண்டு பாணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லிக்கொடுக்கப் போகிறோம். விஜயநகரம் தோற்ற 1565 தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு விஜயநகரத்து ஓவியர்கள் பல திசைக்குப் பிரிந்து போனார்கள், அந்த மரபில் ஒரு கிளை தஞ்சையில் வளர்ந்தது, ஒரு கிளை மைசூரில், மன்னர் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் ஆதரவில் செழித்தது. மைசூர் படத்தில் மக்கு மேடு குறைவு, கல் அவ்வளவாக இருக்காது, கோடு மிக நுணுக்கம். தமிழ் பேசிக்கொண்டு கன்னட மண்ணில் வளரும் நம் பிள்ளைகள் இரண்டையும் தங்களுடையதாகத் தெரிந்துகொள்ளவேண்டும் என்பது கமிட்டியின் ஆசை. குமாரகிருபா சாலையிலிருக்கும் சித்ரகலா பரிஷத்தில் மைசூர் ஓவியங்களை நேரில் காட்டவும் கூட்டிப்போவோம்.

மொத்தம் 2,45,000. இதுவரை 82,000 சேர்ந்திருக்கிறது, கொடுத்தவர்களுக்கு மனமார்ந்த நன்றி. இன்னும் 1,63,000 வேண்டும். தை மாதக் கடைசிக்குள் கிடைத்தால்தான் வெயில் காலத்திலேயே சுவர் வேலையை முடிக்க முடியும். நூறோ ஆயிரமோ, முடிந்ததைக் கொடுங்கள். கூடத்து வாசலில் க்யூஆர் அட்டை ஒட்டியிருக்கிறது, ரொக்கமாகக் கொடுத்தால் பொருளாளரிடம் கட்டாயம் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவு மாதாமாதம் நோட்டீஸ் போர்டில் இருக்கும்.

பணம் இல்லாமலும் ஒரு உதவி செய்யலாம். உங்கள் வீட்டுப் பழைய ஆல்பங்களில் நம் கூடத்தில் நடந்த நிச்சயதார்த்தம், சீதா கல்யாணம், பஜனை என்று ஏதாவது போட்டோ இருந்தால், பின்னால் இந்தப் படம் தெரிகிறதா பாருங்கள். கிரீடத்தின் இடது ஓரம் முதலில் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள, படத்தைச் சீர்செய்பவருக்கு அது மிகவும் உதவும். கறுப்பு வெள்ளையாக இருந்தாலும் சரி, கொண்டுவாருங்கள், ஸ்கேன் செய்துவிட்டு அன்றைக்கே திருப்பித் தந்துவிடுகிறோம்.

– பஜனைக் கூடக் கமிட்டி, அல்சூர், பெங்களூரு