பீமாவோடு நின்ற எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

நாய்கள் காப்பகத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த எங்கள் நாய் பீமாவைப் பற்றி விசாரித்தவர்களுக்கெல்லாம் "நன்றாக இருக்கிறான்" என்று ஒரே வரியில் பதில் சொல்லி வந்திருக்கிறேன். அந்த ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்பதை எல்லோரும் அறியச் சொல்லிவிட வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. அதற்குத்தான் இந்த மடல்.

உங்களில் பாதிப் பேருக்கு, ஒன்றைச் செய்யாமல் இருந்ததற்காக நன்றி சொல்லப் போகிறேன். தொடாமல் இருந்தீர்கள், உற்றுப் பார்க்காமல் இருந்தீர்கள், அவசரப்படுத்தாமல் இருந்தீர்கள். 50 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு நாயைப் பார்த்தால் மனிதர்களுக்குப் பயம் வருவது இயல்பு. ஆனால் எங்கள் வீட்டு வாசலில் அன்று வந்து நின்றவன்தான் எல்லோரையும்விட அதிகம் பயந்துபோயிருந்தான். அதை நீங்கள் புரிந்துகொண்டீர்கள்.

முதலில், பெயர் தெரியாத ஒருவருக்கு. குட்டைச் சங்கிலியில் கட்டப்பட்டு, எலும்பும் தோலுமாகக் கிடந்த அவனைப் பார்த்துவிட்டு, காப்பகத்துக்குத் தகவல் சொல்லி, வண்டி வரும் வரை அங்கேயே நின்றீர்களாம். உங்களை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. இதை நீங்கள் படிக்க நேர்ந்தால், அவன் பிழைத்துவிட்டான், இப்போது ஒரு சோபா முழுவதும் அவனுடையது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

காப்பகத்தில் அவனைத் தேற்றிய எல்லோருக்கும் நன்றி. பட்டினி கிடந்த நாய்க்குப் பரிதாபப்பட்டு ஒரேயடியாக வயிறு நிறையப் போட்டுவிடக் கூடாது, ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் போன்றவை சட்டென்று சரிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும் என்பதை நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளையாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறீர்கள். அதற்கு எவ்வளவு மன உறுதி வேண்டும்!

அங்கே அவனைப் பார்த்துக்கொண்ட அக்காவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பெரிய நாய்களை எடுத்துக்கொள்ள முன்வருபவர்கள் குறைவு. வந்தவர்களை விட்டுவிடக் கூடாது என்று, அவனைப் பற்றி நல்லதை மட்டும் சொல்லி அனுப்பியிருக்கலாம். நீங்கள் அப்படிச் செய்யவில்லை. அவன் கீழே விழுந்தால் வீட்டில் எத்தனை பேர் சேர்ந்து தூக்க முடியும் என்று கேட்டீர்கள். பூச்சி மாத்திரையிலிருந்து மயக்க மருந்து வரை எல்லாமே எடைக்கு எடை கணக்கு, செலவு தாங்குமா என்று கேட்டீர்கள். கிரேட் டேன் போன்ற மிகப் பெரிய இனங்கள் பெரும்பாலும் 7 முதல் 10 ஆண்டுகள்தான் வாழும், இவனிடம் அந்த ரத்தம் இருக்கிறது, வந்ததே சுமார் நாலு வயதில், அதற்கும் மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள் என்று நேராகச் சொன்னீர்கள்.

அப்புறம் அந்தத் தாள். இரண்டு பக்கமும் நிறைய, கையால் எழுதியது. "கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தால் இவனுக்குப் பிடிக்காது. தலைக்கு மேலே கை வந்தால் உடம்பு விறைக்கும், மோவாய்க்குக் கீழே தடவினால் ஏற்றுக்கொள்வான். சாப்பிடும்போது பக்கத்தில் போக வேண்டாம். இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் நுழையப் பார்ப்பான், உடம்பு கொள்ளாது, அதனால் மூலையில் ஓர் இடத்தைத் துணி போட்டு மறைத்துக் கொடுங்கள்." அந்தத் தாள் இன்னமும் எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. எழுதியிருந்ததில் ஒன்றுகூடப் பொய்க்கவில்லை.

மீட்கப்பட்ட நாய்களோடு பழகியவர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். பதற்றம் அடங்க மூன்று நாள், வீட்டு நடைமுறை பிடிபட மூன்று வாரம், இது நம் வீடு என்று மனதில் பட மூன்று மாதம். இது தோராயம்தான், ஒவ்வொரு நாய்க்கும் மாறும், பீமாவுக்கு இன்னும் கூடுதலாகவே ஆனது. அந்தக் காலம் முழுவதும் எங்கள் வீட்டுக்கு வராமல் இருந்த உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மனமார்ந்த நன்றி. "புது நாயைக் காட்ட மாட்டாயா?" என்று கேட்டுவிட்டு, காரணத்தைச் சொன்னதும் "சரி, அவன் எப்போது தயாரோ அப்போது சொல்" என்று போனை வைத்தீர்களே, அந்தப் பொறுமை அவனுக்குக் கிடைத்த முதல் பரிசு.

பக்கத்து வீட்டு அம்மா, மாடிப்படியில் அவன் எதிரே வந்தபோதெல்லாம் நீங்கள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, சுவரோரமாக ஒதுங்கி நின்றீர்கள். பார்ப்பவர்களுக்கு அது வெறுப்பாகத் தோன்றியிருக்கும். நாய்களின் மொழியில் அது மரியாதை. நேருக்கு நேர் கண்ணைப் பார்ப்பதும், குனிந்து மேலே சாய்வதும், தலையைத் தட்டிக் கொடுப்பதும் மிரண்ட நாய்க்கு மிரட்டலாகவே படும். பல மாதங்களுக்குப் பிறகு ஒரு நாள் அவனே நின்று உங்கள் புடவையை முகர்ந்தான். அப்போதும் நீங்கள் கையை நீட்டவில்லை. அவன் இரண்டாம் முறை முகர்ந்து, தோளை உங்கள் முழங்காலில் சாய்த்த பிறகுதான் தொட்டீர்கள். அதை நான் மறக்க மாட்டேன்.

இதையெல்லாம் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த பயிற்சியாளருக்கு என்ன சொன்னாலும் போதாது. நீங்கள் வருவதற்கு முன், "பெரிய நாய், ஆரம்பத்திலேயே அடக்கி வைக்கணும், யார் தலைவன்னு காட்டணும்" என்று பலரும் எங்களிடம் சொல்லியிருந்தார்கள். முள் பட்டை வாங்கச் சொன்னவர்களும் உண்டு. இந்தத் 'தலைவன்' பேச்சு எங்கிருந்து வந்தது என்று நீங்கள்தான் விளக்கினீர்கள். 1947-இல் ருடால்ஃப் ஷென்கல் என்ற ஆய்வாளர், ஓரிடத்தில் அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்கள் தலைமைக்காக மோதிக்கொள்வதைக் கவனித்து எழுதியதிலிருந்து வளர்ந்தது அது. அந்தக் கருத்தைப் பரப்பியவர்களில் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் பின்னாளில், காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் சேர்ந்த குடும்பம்தான் என்று 1999-இல் எழுதினார். அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் மருத்துவர்கள் சங்கமும் 2021-இல், நாய்களுக்கு வெகுமதி வழிப் பயிற்சியே ஏற்றது, வலியும் மிரட்டலும் கூடாது என்று திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. இதைக் கேட்டபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? அவனோடு மோத வேண்டியதில்லை என்று ஒருவர் சொல்ல வேண்டும் என்றுதான் காத்திருந்தேன் போலிருக்கிறது.

நீங்கள் வந்த முதல் நாள், கூடத்தின் மறுகோடியில், அவனுக்குப் பக்கவாட்டாகத் தரையில் உட்கார்ந்தீர்கள். அவனைக் கூப்பிடவில்லை. எங்களோடு பேசிக்கொண்டே, இறைச்சித் துண்டுகளை ஒவ்வொன்றாக அவன் இருக்கும் திசையில் உருட்டிவிட்டீர்கள். நடு நடுவே எங்களுக்குக் காட்டினீர்கள்: "பாருங்கள், உதட்டை நக்கினான். இப்போது கொட்டாவி விட்டான், அது தூக்கம் இல்லை. கண்ணோரத்தில் வெள்ளை தெரிகிறது பாருங்கள், அங்கேயே நில்லுங்கள்." அன்றுவரை நாங்கள் உறுமலை மட்டும்தான் பேச்சு என்று நினைத்திருந்தோம். அதற்கு முன்னால் 'பயமாக இருக்கிறது' என்று அவன் எத்தனை தடவை மெல்லச் சொல்லிப் பார்க்கிறான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. உறுமலை ஒருபோதும் அதட்டி நிறுத்தாதீர்கள், எச்சரிக்கை செய்யாமல் கடிக்கும் நாயாகிவிடும் என்றும் சொன்னீர்கள். வீட்டில் பிள்ளைகள் இருப்பதால் அந்த ஒரு வாக்கியத்துக்கே நான் கடன்பட்டவன்.

வாய்க்கூடு போடப் பழக்கியதும் நீங்கள்தான். கூடைபோல் அகன்றது, உள்ளே மூச்சு வாங்கலாம், தண்ணீர் குடிக்கலாம். அவனாகவே மூக்கை உள்ளே நீட்டும் வரை காத்திருந்து பழக்கியதால், மருத்துவரிடம் போகும்போது அது அவனுக்குத் தண்டனையாகவே தெரியவில்லை.

மருத்துவர் அம்மா, அடுத்தது உங்களுக்கு. எழுந்திருக்கும்போதும் யாராவது பின்பக்கம் தொட்டாலும் பீமா உறுமுவான். 'குணம் அப்படி' என்று முன்பு பார்த்தவர்கள் எழுதி வைத்திருந்தார்கள். நீங்கள் அவனை மேசைமேல் ஏற்றவில்லை. தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் அவன் நடப்பதைப் பார்த்தீர்கள், உட்காருவதைப் பார்த்தீர்கள், எந்தக் காலில் பாரம் போடுகிறான் என்று பார்த்தீர்கள். பிறகு மயக்கம் கொடுத்து எக்ஸ்ரே எடுத்தீர்கள். தொடை எலும்பின் உருண்டை இடுப்புக் குழியில் சரியாகப் பொருந்தாமல், மூட்டு தேய்ந்துபோயிருந்தது. பெரிய இனங்களில் அடிக்கடி வரும் ஹிப் டிஸ்பிளேசியா. "இது கோபம் இல்லை, வலி" என்று நீங்கள் சொன்ன அந்த நொடியில் அவனைப் பற்றி எங்களுக்கிருந்த எண்ணமே மாறிவிட்டது. வலிக்கு மருந்து தொடங்கியதும் அந்த உறுமல் படிப்படியாகக் காணாமல் போனது. மனிதர்களுக்கான வலி மாத்திரையை மறந்தும் கொடுத்துவிடாதீர்கள், பாராசிட்டமாலும் இபுபுரூஃபனும் நாய்க்கு விஷமாகலாம் என்று எச்சரித்ததற்கும் நன்றி.

எடை விஷயத்தில் நீங்கள் காட்டிய கண்டிப்புக்கும் நன்றி. லாப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுவதும் கவனித்து 2002-இல் வெளியான ஆய்வைச் சொன்னீர்கள். கால் பங்கு குறைவாகச் சாப்பிட்டு ஒல்லியாக இருந்தவை மற்றவற்றைவிட ஏறக்குறைய 1.8 ஆண்டுகள் அதிகம் வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. அதைக் கேட்ட பிறகு, பட்டினி கிடந்தவன் என்று பாவம் பார்த்து ஆசையாகக் கொடுத்து வந்த கீழ்வீட்டுப் பாட்டி கொடுப்பதை நிறுத்திவிட்டார். பாட்டி, அது உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று எனக்குத் தெரியும். கையால் தடவினால் விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும் என்பதுதான் கணக்கு. இப்போது தட்டுப்படுகிறது, பாட்டி.

அந்த இரவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மார்புக்கூடு ஆழமாக உள்ள பெரிய நாய்களுக்கு இரைப்பை காற்றால் உப்பித் தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ரத்த ஓட்டம் தடைப்பட்டு, சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். மருத்துவர் இதை முன்பே சொல்லியிருந்தார். ஒரே வேளையில் மொத்தமாகப் போடாதீர்கள், வேகமாக விழுங்க விடாதீர்கள் என்றார். பெரிய நாய்க்கு உயரமான ஸ்டாண்டில் கிண்ணம் வைப்பதே நல்லது என்று பரவலாகச் சொல்வார்கள், ஆனால் 2000-இல் வந்த ஓர் ஆய்வில் அப்படிச் சாப்பிட்ட நாய்களுக்கு இந்த ஆபத்து கூடுதலாகவே இருந்தது என்றும் சொன்னார். எல்லாம் கடைப்பிடித்தும் அது வந்தது. நள்ளிரவில் அவன் படுக்க முடியாமல் சுற்றிச் சுற்றி வந்தான். வாந்தி எடுக்கக் குமட்டினான், நுரையைத் தவிர எதுவும் வரவில்லை. வயிறு கல்லாக இறுகியிருந்தது. அறிகுறி தெரிந்திருந்ததால் விடியட்டும் என்று காத்திருக்கவில்லை.

எதிர்வீட்டு அண்ணா, கதவைத் தட்டியதும் ஒரு கேள்வி கேட்காமல் வண்டிச் சாவியோடு வந்தீர்கள். கனத்த போர்வையை விரித்து, அதில் அவனைக் கிடத்தி, ஆளுக்கு இரண்டு மூலை பிடித்து இறக்கினோம். உங்கள் புது வண்டியின் பின் இருக்கை முழுக்க எச்சில். திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓட்டினீர்கள். போகும் வழியிலேயே மருத்துவமனைக்குப் போன் செய்து 'எடை இவ்வளவு, அறிகுறி இது' என்று சொல்லிவிட்ட என் மனைவிக்கும், கேட்டவுடன் அறுவை அறையைத் தயார் செய்து வைத்திருந்த இரவுப் பணியாளர்களுக்கும் நன்றி. காற்றை வெளியேற்றி, முறுக்கைப் பிரித்து, மறுபடி முறுக்காதபடி இரைப்பையை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்தார்கள். விடிந்த பிறகும் போகாமல் அவன் கண் திறக்கும் வரை பக்கத்தில் இருந்த செவிலியர் தங்கைக்கு நான் என்ன கைமாறு செய்வேன்?

வீட்டுக்குள்ளும் நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். வழவழப்பான தரையில் அவன் பின்னங்கால் வழுக்கும் என்பதால் வீடு முழுக்கப் பழைய ரப்பர் விரிப்புகளைப் போட்டோம். வீட்டின் அழகே போய்விட்டது. அதைப் பற்றி அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. முழங்கை காய்த்துப் போகாமலிருக்கத் தடித்த மெத்தை தேவை என்றபோது தன் மெத்தையையே எடுத்துக் கொடுத்தார். பிள்ளைகள் இருவரும் அவன் தூங்கும்போது அருகில் போகக் கூடாது என்ற விதியை இன்றுவரை மீறியதில்லை. அவனைத் தடவும்போது, சற்று நேரத்தில் கையை எடுத்துவிட்டு, "இன்னும் வேணுமா?" என்று காத்திருக்கிறார்கள். வேண்டும் என்றால் அவன் தலையைக் கொண்டுவந்து முட்டுகிறான்.

கடைசியாக ஒன்று. பீமா வண்டியில் ஏறப் பயன்படுத்திய சாய்வுப் பலகை மடக்கக்கூடியது, நன்றாகவே இருக்கிறது. அவனுக்கு இன்னும் அகலமானது வாங்கிவிட்டதால், அதைச் சுத்தம் செய்து காப்பகத்தில் கொடுத்திருக்கிறோம். அக்கா எழுதிய தாளின் நகல் ஒன்றையும் அதோடு வைத்திருக்கிறேன், மற்ற பெரிய நாய்களுக்கும் அதேபோல் எழுதித் தருவதாக அவரும் சொல்லியிருக்கிறார். அடுத்ததாக அங்கிருந்து ஒரு பெரிய நாயை யார் கூட்டிப் போனாலும் இரண்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நள்ளிரவில் தூக்குவதற்கு ஆள் தேவைப்பட்டால் எங்களையும் கூப்பிடுங்கள், வருகிறோம்.

நன்றியுடன்,
பீமாவின் வீட்டார்