மயில்கழுத்தில் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி முன்னைக்குப் பரவாயில்லை. மாடிக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்ததே, அதைச் சரிபண்ணியாயிற்று. அப்புறம், ஆபீஸ் விழாவில் எடுத்த போட்டோக்களை குரூப்பில் போட்டிருந்தாயே, பார்த்தேன். நீ கேடயத்தோடு நிற்கிற படத்தை எதிர்வீட்டுக்காரர், மருந்துக்கடைத் தம்பி, பால்காரர் என்று ஒருத்தர் விடாமல் காட்டியாயிற்று. எனக்கு அவ்வளவு பெருமை. ஆனால் மறுபடியும் கருப்புதானா தாயி?

கருப்பு ஆகாத நிறம் என்று சொல்ல வரவில்லை. நல்ல நாளில் கருப்பு உடுத்தக் கூடாது என்று உங்க அப்பத்தா சொல்லும்போது நான்தான் சண்டை போடுவேன். ஜவுளிக்கடையில் காலம் முழுக்க நின்றவனுக்குக் கருப்பும் ஒரு சரக்குதான், அதுவும் நன்றாகப் போகிற சரக்கு. ஆனால் தீபாவளிக்குச் சாம்பல், பொங்கலுக்குக் கருப்பு, வீடியோவில் வரும்போதெல்லாம் அந்தப் பழைய டீ-ஷர்ட். அது கருநீலமா கருப்பா என்று என் கண்ணுக்கே பிடிபடவில்லை. போன வருஷம் வரைக்கும் நீ இப்படி இல்லை.

கேட்டால், "காலையில எது கைக்கு வருதோ அதுதான்ப்பா" என்கிறாய். சரி. ஆனால் தினமும் கைக்கு வருவது கருப்பு மட்டும்தான் என்றால் பீரோவில் வேறு ஒன்றும் இல்லை என்றுதானே அர்த்தம்? கல்யாணத்துக்கு எடுத்ததெல்லாம் என்ன ஆயிற்று? அந்த வாடாமல்லிப் புடவை, கிளிப்பச்சைச் சுடிதார், மாப்பிள்ளை வீட்டில் எடுத்துக் கொடுத்த வெங்காயத்தோல் கலர் பட்டு? பத்திரமாகத்தானே இருக்கிறது? அம்மா கேட்கச் சொன்னாள்.

உன் சடங்கின்போது பெரியத்தை, "இவ நிறத்துக்கு மஞ்சள் எடுக்காது" என்று சொன்னதை நீ இன்னும் மனசில் வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அத்தைக்கு என்ன தெரியும்? அவளுக்கே நான்தான் புடவை எடுத்துக் கொடுத்தேன். மாநிறத்துக்கும் கருப்புக்கும் மாம்பழ மஞ்சள் மாதிரி எடுப்பான நிறம் வேறு கிடையாது. அரக்கு, கத்திரிக்காய் கலர், பாக்கு கலர் எல்லாமே எடுக்கும். ரொம்ப வெளிறிய ரோஸும் சாம்பலும்தான் முகத்தை வாடவைக்கும். நீ எதை ஒளிக்க உடுத்துகிறாயோ, அதுதான் உன்னைக் களைப்பாகக் காட்டுகிறது. களைப்பாகத்தான் இருக்கிறாயோ என்னவோ.

மொத்தமாக மாற்றச் சொல்லவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமும் அப்படிச் சொல்ல மாட்டேன். காலமெல்லாம் சந்தனக் கலரே உடுத்தியவரிடம் திடீரென்று தக்காளிச் சிவப்பை விரித்துப் போட்டால் எழுந்து போய்விடுவார். முதலில் சந்தன உடலில் அரக்குக் கரை. அடுத்த தடவை அவரே கொஞ்சம் தைரியமாகக் கேட்பார். நீயும் துப்பட்டாவில் ஆரம்பி. அந்தக் கருப்பு டாப்பையே போட்டுக்கொள், மேலே கனகாம்பர நிறத்தில் ஒரு துப்பட்டா போடு. முகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற துணிதான் முகத்துக்கு வெளிச்சம் கொடுக்கும். கால்சட்டை என்ன நிறம் என்று எவனும் பார்க்கப் போவதில்லை.

இன்னொன்று, டியூப்லைட்டில் பார்த்து எதையும் எடுக்காதே. பழகின வாடிக்கையாளர்கள் புடவையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்ப்பார்கள். முதலாளிக்கு எரிச்சலாக இருக்கும், ஆனால் அவர்கள் செய்வதுதான் சரி. கடைக்குள் நீலமாகத் தெரிவது வாசலில் ஊதாவாக நிற்கும். போனில் பார்த்து வாங்குகிறதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் கோபப்படுவாய்.

மயில்கழுத்து நிறம் உனக்குச் சின்ன வயதில் எவ்வளவு பிடிக்கும், ஞாபகம் இருக்கிறதா? சாப்பாடு கொடுக்க வந்தால் மேஜைமேல் ஏறி உட்கார்ந்து, "இதுக்கு மட்டும் ஏன்ப்பா ரெண்டு கலர்" என்று கேட்பாய். நெடுக்கே ஓடுகிற பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே போகிற ஊடை நூல் ஒரு நிறம். நீலத்தில் பாவு ஓட்டிப் பச்சையில் ஊடை போட்டால் துணி இரண்டுமாகவும் தெரியும். மடிப்பை இப்படித் திருப்பினால் பச்சை, அப்படித் திருப்பினால் நீலம். நீ அந்த மடிப்பைத் திருப்பித் திருப்பியே கசக்கிவைப்பாய், நான் மறுபடியும் மடிப்பேன். எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரால் எம்.எஸ். ப்ளூ என்று ஒரு நிறமே காஞ்சிபுரத்தில் வந்தது என்று சொன்னபோது, "அப்ப என் பேர்ல ஒரு கலர் வரணும்னா என்ன செய்யணும்?" என்றாய். கடையே சிரித்தது. அந்தப் பிள்ளையைத்தான் நான் இப்போது போட்டோவில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சித்திரைத் திருவிழாவுக்கு வருவாய் என்று அம்மா எதிர்பார்த்தாள். அழகர் ஆற்றில் இறங்கும்போது என்ன பட்டு உடுத்தி வருகிறார் என்று ஊரே பார்த்துக்கொண்டிருக்குமே. பச்சை என்றால் நாடு செழிக்கும், சிவப்பு என்றால் வயிற்றில் கொஞ்சம் கலக்கம். பட்டர் பெட்டிக்குள் கைவிட்டால் கையில் வருவதுதான் அந்த வருஷத்துப் பட்டு என்பார்கள். கைக்கு வருவதை உடுத்த அவருக்குச் சரி. அவர் பெட்டியில் எல்லா நிறமும் இருக்கிறது. நீ வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றாய். மாப்பிள்ளைக்கும் லீவு இல்லையா என்று அம்மா கேட்டபோது லைன் கட்டாகிவிட்டது.

வீடியோவில் பேசும்போது உனக்குப் பின்னால் இளமஞ்சள் சுவர் தெரியும். அதில் அந்தக் கடிகாரம் இருக்கும். கொஞ்ச நாளாக வெள்ளைச் சுவர்தான் தெரிகிறது, கடிகாரத்தைக் காணோம். பெயின்ட் அடித்தீர்களா? வாடகை வீட்டுக்கு யாரும் சொந்தச் செலவில் பெயின்ட் அடிக்க மாட்டார்களே என்று நினைத்தேன். அம்மா கவனிக்கவில்லை. நானும் அவளிடம் சொல்லவில்லை. நிறத்தைப் பார்த்துப் பார்த்தே பழகிப்போன கண், வேறொன்றுமில்லை.

சாப்பாடு நேரத்துக்குச் சாப்பிடு. துப்பட்டாவை மறந்துவிடாதே. கனகாம்பரம் பிடிக்கவில்லை என்றால் மாந்துளிர் நிறத்தில் பார், அதுவும் உனக்கு எடுக்கும்.

விளக்குத்தூண் பக்கம் போயிருந்தேன். உனக்கு அரக்கில் ஒரு சுங்குடி எடுத்தேன். மதுரைச் சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு கிடைத்தாயிற்று, மதுரையில் பிறந்த உன்னிடம் ஒன்றுகூட இல்லை, இது என்ன நியாயம்? மெழுகு அச்சு அடித்ததுதான் இப்போது எங்கும் கிடைக்கிறது, விலையும் குறைவு. நான் தேடி எடுத்தது கையால் முடிச்சுப் போட்டது. சௌராஷ்டிரா வீட்டுப் பெண்கள் துணியை நகநுனியில் கிள்ளி, நூலைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிடுவார்கள். அப்படியே சாயத்தில் முக்கினால் கட்டின இடத்தில் சாயம் ஏறாது, அதுதான் புள்ளி. ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. விரலால் தடவிப் பார், புள்ளி இருக்கிற இடம் லேசாகச் சுருங்கி மேடாகத் தெரியும். புடவையாகக் கட்ட நேரமில்லை என்றால் வெட்டி இரண்டு குர்தா தைத்துக்கொள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். பருத்தி, ஆபீசுக்கும் ஆகும்.

மயில்கழுத்திலும் பருத்தியில் ஒன்று கிடைத்தது. எடுத்து வைத்திருக்கிறேன். அம்மா கொஞ்சம் பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கட்டித் தருகிறாள். எல்லாவற்றையும் ஒன்றாக கூரியரில் போடலாம் என்று பார்த்தால், அட்டைப்பெட்டியில் முகவரி எழுத உட்கார்ந்தவன் அப்படியே வைத்துவிட்டேன். பழைய முகவரியே போதுமா, வேறு ஏதாவது எழுதணுமா? ஒரு வரி மெசேஜ் போடு. என் நம்பருக்கே போடு, குரூப்பில் வேண்டாம். காரணம் எதுவும் எழுத வேண்டாம். முகவரி மட்டும் போதும். பெட்டியை நானே எடுத்துக்கொண்டு வந்தாலும் வருவேன், ராத்திரி ரயிலில் ஏறினால் காலையில் பெங்களூரு.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: சுங்குடியை முதல் இரண்டு மூன்று தடவை தனியாக அலசு, சாயம் போகும். நிழலில் காயப்போடு. மெஷினில் உன் வெள்ளைத் துணிகளோடு போட்டுவிடாதே. போட்டாலும் பரவாயில்லை, அவற்றுக்கும் கொஞ்சம் நிறம் வரட்டும்.