சாப்ளினை வெட்டாமல் காட்டுங்கள்

குழந்தைகள் சேனலின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். போன விடுமுறையில் சார்லி சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' என்கிற, பெரும்பாலும் பேச்சில்லாத படத்தை அரை மணி நேரமாகச் சுருக்கி, தமிழில் குரல் கொடுத்து, சிரிப்புச் சத்தமும் சேர்த்து ஒளிபரப்பினீர்கள். சாப்ளினைப் பிள்ளைகளிடம் கொண்டுபோக நினைத்ததற்கு நன்றி. ஆனால் நீங்கள் எடுத்துவிட்டவை எல்லாம் அந்தப் படத்தின் உயிரான இடங்கள். என் வேண்டுகோள் ஒன்றுதான்: படத்தை முழுதாகக் காட்டுங்கள்.

ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். பெரிய கடை ஒன்றில் இரவுக் காவல் வேலை கிடைத்த சார்லி (சாப்ளின் ஏற்ற வேடம்), நாலாவது மாடியில் கண்ணைக் கட்டிக்கொண்டு ஸ்கேட்டிங் போகிறார். தடுப்பில்லாத விளிம்புவரை போய்ப் போய்த் திரும்புகிறார். அதை ஒரு நொடிகூடக் குறைக்காமல் காட்டினீர்கள், சரி. அப்புறம் கடைக்குள் சிலர் புகுகிறார்கள். அவர்களில் ஒருவர், படத் தொடக்கத்தில் தொழிற்சாலையில் பொருள்கள் நகர்ந்துவரும் கன்வேயர் பெல்ட்டில் சார்லியோடு வேலை பார்த்த பெரிய உருவக்காரர். இருவரும் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். 'நாங்கள் திருடர்கள் இல்லை, பசியில் இருக்கிறோம்' என்று திரையில் எழுத்து வருகிறது. தொழிற்சாலையில் உடம்பு தேய உழைத்த ஒரு மனிதன், வேலை போனபின் ராத்திரியில் கடைக்குள் புகுந்து நின்று சொல்கிற வார்த்தை அது. சார்லியும் அவரைப் பிடித்துக் கொடுக்கவில்லை, கூட உட்கார்ந்து குடிக்கிறார். மறுநாள் காலையில் கைதாவது சார்லிதான்.

உங்கள் ஒளிபரப்பில் அந்த எழுத்தே இல்லை. அதற்குப் பதிலாக 'டேய் திருடா, மாட்டினியா?' என்று ஒரு குரல். என்னோடு உட்கார்ந்து பார்த்த பிள்ளைகள் 'திருடன், திருடன்' என்று கைதட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பசித்தவனைத் திருடனாக மாற்றிக் காட்டியது நீங்கள். இது சுருக்குவதில் நேர்ந்த சின்னப் பிசகு என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சோறூட்டும் மெஷின் காட்சியிலும் இதேதான். மெஷின் கெட்டுப்போய் மக்காச்சோளக் கதிர் சார்லியின் வாயில் வேகவேகமாகச் சுழல்வது இருக்கிறது. அந்த மெஷின் எதற்காக வந்தது என்பது இல்லை. தொழிலாளியின் மதியச் சாப்பாட்டு இடைவேளையை ஒழிக்கத்தான் அதை முதலாளியிடம் விற்க வருகிறார்கள். கடைசியில் அவர் வேண்டாம் என்று சொல்வதும் அந்த மனிதன் பட்ட பாட்டைப் பார்த்து இல்லை, மெஷின் நடைமுறைக்கு ஒத்துவராது என்பதற்காக. இது தெரியாவிட்டால், ஒருவன் முகத்தில் உணவு அப்பப்படுவது மட்டும்தான் மிஞ்சுகிறது.

படம் வந்தது 1936 பிப்ரவரியில். 1933இல் அமெரிக்காவில் உழைக்கிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. வேலை இருந்தவர்களை பெல்ட்டின் வேகம் வாட்டியது. கிராமத்திலிருந்து நல்ல உடம்போடு, கார் ஆலைகள் நிறைந்த டெட்ராய்ட் நகருக்கு வந்த இளைஞர்கள் நாலைந்து வருடத்தில் நரம்பு தளர்ந்து போவதை ஒரு நிருபர் சொல்லக் கேட்டதாகச் சாப்ளினே எழுதியிருக்கிறார். படம் வந்த அதே ஆண்டு டிசம்பர் கடைசியில் மிச்சிகனின் ஃபிளின்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து 44 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய முக்கியமான குறைகளில் ஒன்று, பெல்ட்டின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவது. படத்தில் பெல்ட்டின் வேகம் தாங்காமல் சார்லி ஸ்பேனரோடு பித்துப்பிடித்து ஓடுவதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

வேலையில்லாதவர்களின் கலவரத்தில் படத்தின் நாயகியான ஏழைப் பெண்ணின் அப்பா சுடப்பட்டுச் சாவதையும், அவளுடைய தங்கைகளை அதிகாரிகள் கொண்டுபோவதையும் பிள்ளைகள் தாங்க மாட்டார்கள் என்று நினைத்திருப்பீர்கள். சாப்ளின் ஏழு வயதில் லண்டன் லாம்பெத்தில் ஏழைகள் விடுதிக்கு அனுப்பப்பட்டவர். அம்மாவைப் பிரிந்து, அங்கிருந்து ஏழைப் பிள்ளைகளுக்கான ஹான்வெல் பள்ளிக்குப் போனவர். 1921இல் வந்த 'தி கிட்' படத்தில் சிறுவனை அநாதை விடுதிக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போகிற காட்சியை எடுத்தவருக்கு அந்தப் பயம் புதிதில்லை. ஏழு வயதில் அவர் வாழ்ந்ததை, ஏழு வயதுப் பிள்ளை திரையில் பார்க்கக்கூடாதா? வறுமை என்றாலே பிள்ளைகளின் கண்ணில் படாமல் மறைக்கிற பழக்கம் உங்கள் சேனலோடு நிற்கவில்லை. பாடப்புத்தகத்திலும் கதைப் பதிப்புகளிலும் பார்க்கிறேன். பசி இருக்கிற வீட்டிலும் டிவி ஓடுகிறது. அந்த வீட்டுப் பிள்ளையும் உங்கள் நிகழ்ச்சியைப் பார்க்கிறது.

கோபத்தில் பேச்சு எங்கோ போய்விட்டது, மன்னியுங்கள். கேட்க வந்தது இதுதான். ஒன்றரை மணி நேரம்கூட வராத படம் அது. அடுத்த விடுமுறையில் அதை முழுதாக ஒளிபரப்புங்கள். பின்னணிக் குரலும் சிரிப்புச் சத்தமும் வேண்டாம், சாப்ளின் அமைத்த இசையே போதும். திரையில் வரும் எழுத்துகளுக்கு மட்டும் தமிழில் வரி போடுங்கள். அந்தப் பசி வரியை விட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் நிகழ்ச்சியைப் பிள்ளைகளோடு பார்க்கும் ஒருவர்